நிழலூர்ச் சாலையின் முதல் கற்கள்

நிழலூரில் வீட்டுக்குள் நுழைகிறவர் முதலில் முதுகைக் காட்ட வேண்டும்.

நிலவின் தூசி இரும்பு கலந்தது. காற்றோ மழையோ தேய்த்ததில்லை என்பதால் கண்ணாடித் துகள்போல் கூராக இருக்கும். உடுப்பில் ஒட்டும், மூட்டுகளை அரிக்கும், உள்ளே விட்டால் நுரையீரலில் குடியேறும். ஆகவே வெளியே போய்வந்தவர் தூசியறையில் சுவரைப் பார்த்து நிற்பார். வீட்டில் இருப்பவர் காந்தத் தூரிகையால் கழுத்திலிருந்து குதிகால் வரை பத்து நிமிடம் துலக்கிவிடுவார். அந்த ஊரில் இல்லறம் என்பதில் பாதி இதுதான். கோபத்தில் இருக்கும் மனைவியும் துலக்குவாள், பேசாமல் துலக்குவாள். ஒருவர் தோள்பட்டைகளுக்கு நடுவே சாம்பல் திட்டோடு வேலைக்கு வந்தால், வீட்டில் சண்டை என்று மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அமலதாஸின் முதுகில் அந்தத் திட்டு இரண்டு ஆண்டுகளாக இருந்தது. சண்டை ஏதும் இல்லை. அவன் சுவரில் பொருத்திய தூரிகை இயந்திரத்தில் சாய்ந்து தானே துலக்கிக்கொள்கிறவன். இயந்திரத்துக்கு அந்த ஓர் இடம் எட்டாது.

வயது முப்பத்து மூன்று. தென்துருவ வட்டாரப் போக்குவரத்துத் திட்டக் குழுமத்தின் திட்ட அலுவலர். குழுமம் என்றால் அவன், ஒரு மேசை, 'கல்தூக்கி' என்ற ஓர் இயந்திரம், அதை ஓட்டும் முத்துப்பேச்சி. அவ்வளவுதான்.

"திரும்பு," என்றாள் முத்துப்பேச்சி, அன்று காலை அவன் அலுவலகத்துக்குள் வந்ததும்.

"விடுங்கக்கா."

"விட்டா நீ நுரையீரலுக்குள்ளயே ரோடு போட்டுருவ. திரும்புங்கேன்."

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனி வெட்ட வந்தவர். ஐந்து தலைமுறையில் எலும்பு மெலிந்தது, பேச்சு மெலியவில்லை. தூரிகையால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, "உம்மவ பேசுனாளா?" என்று கேட்டாள்.

"இனிமேத்தான்."

நிழலூர் ஒரு பெரும் பள்ளத்தின் அடியில் இருந்தது. வெயில் அங்கே ஒருநாளும் எட்டிப்பார்த்ததில்லை. அதனால்தான் பனிக்கட்டி இருந்தது. பனிக்கட்டி இருந்ததால் ஊர் இருந்தது. வெயில்மேடு, பள்ளத்தின் விளிம்புக்கு மேலே முப்பத்தொரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே வெயில் ஏறக்குறைய அணைவதே இல்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, கப்பல்துறை எல்லாம் அங்கே. இரண்டுக்கும் நடுவில் இருந்தது வெறும் தூசி. தவழ்வண்டி அதில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போகும். அதற்குமேல் முடுக்கினால் தூசி எழும்பிச் சக்கர மூட்டுகளைத் தின்றுவிடும். ஒரு வழிக்கு எட்டு மணி நேரம்.

குழந்தைகளின் எலும்புக்கு வெயில் வேண்டும், படிப்பும் வேண்டும். ஏழு வயது முடிந்தால் வெயில்மேட்டு விடுதிக்குப் போய்விடுவார்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார்கள். அமலதாஸின் மகள் பிலோமினாவுக்கு எட்டு வயது.

மேசைத் திரையில் அவள் முகம் வந்தது. வாயை அகலத் திறந்து காட்டினாள்.

"அப்பா, பல்லு விழுந்துட்டு."

"எந்தப் பல்லு மினா?"

"கீழ, முன்னால. டப்பால போட்டு வச்சிருக்கேன், நீங்க பாக்கதுக்கு."

"அழுதியா?"

"அப்பம் அழுதேன். இப்பம் இல்ல." சற்று நின்று, "இன்னும் பதினோரு நாள் இருக்குப்பா," என்றாள்.

"ஆமா. பதினொண்ணு."

அவள் அம்மா செலின் இறந்தது சாலை இல்லாததால் அல்ல. ஆண்டுப் பரிசோதனைக்காக வெயில்மேடு போயிருந்தாள். மருத்துவமனைக்குள்ளேயே, நான்கு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. ஆகவே எதன்மீதும் பழி போட அவனுக்கு வழி இருக்கவில்லை. போடவும் இல்லை. அவன் கேட்டது ஒன்றே ஒன்று. மினா இரவில் வீட்டில் தூங்க வேண்டும். சாலை இருந்தால் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம்.

அன்றுதான் ஆண்டு ஒதுக்கீடு வரும் நாள்.

ஒதுக்கீட்டை மனிதர்கள் செய்யவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த வேலையைப் பூமியில் 'பகிர்வான்' என்ற எந்திர அறிவிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்குச் சொந்தக்காரர் இல்லை, சாதி இல்லை, தொகுதி இல்லை. முந்நூறு ஆண்டுக் கோப்புகளை அதற்குப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். எந்தப் பணி முடிகிறது, எது முடிவதில்லை என்று அதுவே கற்றுக்கொண்டு, முடிகிற பணிக்கு நிதி தரும்.

அமலதாஸ் ஒதுக்கீட்டைத் திறந்தான். மூன்று தலைப்புகள் இருந்தன. திட்ட அறிக்கை தயாரிக்க ஓரளவு. அடிக்கல் நாட்டு விழாக்களுக்கு ஏராளம். சாலை அமைக்கச் சுழியம்.

"பூச்சியமா?" என்றாள் முத்துப்பேச்சி, அவன் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து. "ஏலே, விழாவுக்கு இம்புட்டும் ரோட்டுக்கு ஒண்ணுமில்லையுமா? கேளு அவன."

அவன் கேட்டான். பகிர்வானின் பதில் பூமியிலிருந்து மூன்று நொடியில் வந்தது. இதமான குரல்.

"சாலைக்கு ஒதுக்கினால் சாலை வருவதில்லை, ஐயா. அந்தத் தலைப்பில் கொடுத்த நிதியில் பெரும்பகுதி ஆண்டு முடிவில் செலவாகாமல் திரும்பியிருக்கிறது. சில இடங்களில் நிதியும் திரும்பவில்லை, சாலையும் வரவில்லை. ஆனால் அடிக்கல் நாட்டு விழா ஒருமுறைகூடத் தவறியதில்லை. குறித்த நாளில், முழுமையாக, மாலை மரியாதையோடு நடந்திருக்கிறது. உறுதியாக முடித்துக்காட்டும் பணி அது ஒன்றே என்று கோப்புகள் சொல்கின்றன. முடியும் பணிக்கு நிதி தருவது என் விதி."

"தலைப்பை மாத்த முடியுமா?"

"முடியாது. விழாவுக்குத் தந்தது விழாவுக்கே. விதிமுறைகளை இணைத்திருக்கிறேன். தங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள். பல் விரைந்து முளைக்கட்டும்."

மேசைத் திரையில் வரும் அழைப்புகளையும் அது கேட்டுவிடும். மரியாதையான பிறவி.

முத்துப்பேச்சி தேநீர்ப் பையை உறிஞ்சினாள். அமலதாஸ் விதிமுறைகளை உரக்கப் படித்தான். வேறு வேலை இல்லை.

"அடிக்கல் அகலம் மூணு மீட்டர், நீளம் ரெண்டு மீட்டர். இருபது டன் தாங்கணும்."

"கல்லு எதுக்குத் தாங்கணும்? பேரு எழுதத்தான?"

"பழைய காலத்துல ஒரு மந்திரி அடிக்கல் மேல ஏறி நின்னப்போ ஒடஞ்சிட்டாம். அதுலேர்ந்து விதி."

"சரி, படி."

"திட்டமிட்ட சாலை எந்தக் கோட்டுல போகுதோ அந்தக் கோட்டுலதான் நாட்டணும். மட்டமா, ஆடாம இருக்கணும். ஒரு சாலைக்கு எத்தன கல்லுன்னு..." அவன் நிறுத்தினான். "வரம்பு இல்ல. ஆட்சி மாறும்போதெல்லாம் ஒரே ரோட்டுக்குப் புதுசா ஒரு கல்லு போட்டிருக்காங்க. அதனால வரம்பு வைக்கல."

முத்துப்பேச்சி சிரித்தாள். "அப்பம் என்ன, வரிசையாப் போட்டுக்கிட்டே வா. கல்லுக்கு ஒட்டிக் கல்லு. ரோடே வந்துரும்."

சொல்லிவிட்டுத் தேநீரை முடித்தாள். அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தொரு கிலோமீட்டர். கல்லுக்கு இரண்டு மீட்டர். பதினைந்தாயிரத்து ஐந்நூறு கல்.

"ஏ தாசு. நான் சும்மா சொன்னேன்."

"தெரியும்க்கா."

"பதினஞ்சாயிரத்து ஐநூறு விழாவா?"

"ஆமா."

"கல்லுக்கு ஒரு பெரிய மனுசன் வேணும்லா? அம்புட்டுப் பேர எங்கன போய்ப் புடிக்க?"

அதுதான் அவனுக்கும் கவலையாக இருந்தது. பூமிக்கு அழைப்பு அனுப்பினான். நிலவில் அடிக்கல் நாட்டத் தலைவர்கள் தேவை, நேரில் வர வேண்டாம், ஒளியுருவாக வந்தால் போதும். மறுநாள் காலைக்குள் நாற்பத்தோராயிரம் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். முன்னாள் மேயர்கள், இந்நாள் துணைத் தலைவர்கள், கூட்டுறவுச் சங்கத் தலைவர்கள், உபகுழுச் செயலாளர்கள். ஒருவர் தன் பதவி என்ற இடத்தில் 'வருங்காலத் தலைவர்' என்று எழுதியிருந்தார். அவன் அவரையும் சேர்த்துக்கொண்டான்.

வேலை இரண்டாவது கல்லிலேயே நின்றது.

முதல் கல்லை நாட்ட எல்லோரும் தயார். இரண்டாவது கல்லை நாட்ட ஒருவரும் இல்லை. எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது கல் என்று சொன்னபோது ஒரு சங்கத் தலைவர் அதை அவமதிப்பு என்று அறிக்கை விட்டார். ஒன்பது நாள் கல்தூக்கி கையைத் தூக்கியபடி நின்றது. அந்த ஒன்பதாம் நாளில்தான் மினாவின் வருகை. எட்டு மணி நேரத் தவழலில் அவளுக்கு இரண்டு முறை வாந்தி. வந்து இறங்கியதும் தூங்கிவிட்டாள். மறுநாள் மதியம் கிளம்ப வேண்டும். டப்பாவில் இருந்த பல்லை அவன் தனியாகப் பார்த்தான். மிகச் சிறியதாக இருந்தது.

அன்று பகிர்வானிடம் ஒரே ஒரு விளக்கம் கேட்டான்.

"அடிக்கல்னா என்ன?"

"ஒரு பணியின் முதல் கல்."

"நான் நாட்டுற ஒவ்வொண்ணும் அடிக்கல்தானே?"

"ஆம். அதற்காகத்தான் நிதி தந்திருக்கிறேன்."

"அப்போ ஒவ்வொண்ணும் முதல் கல்."

மூன்று நொடி. "தர்க்கத்தில் பிழை இல்லை," என்றது பகிர்வான்.

அதன்பிறகு எல்லாக் கல்லிலும் 'முதல் கல்' என்றே பொறிக்கப்பட்டது. கீழே தலைவர் பெயர். கற்கள் வெயில்மேட்டில் தயாராயின. நிலவு மண்ணை அச்சில் கொட்டி, ஆடிகளால் வெயிலைக் குவித்துச் சுட்டு எடுக்கும் 'வெயிலடுப்பு' அங்கே இருந்தது. அங்கிருந்தே போட்டுக்கொண்டு வந்தார்கள். போட்ட கல்மீதே அடுத்த கல்லை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு கல்லுக்கு இருபத்து நான்கு நிமிடம், ஒரு நாளைக்கு அறுபது. முத்துப்பேச்சி தூங்கும்போது அமலதாஸ் ஓட்டினான். அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. கை அசைந்துகொண்டே இருந்தது. மனம் அசைய வேண்டியிருக்கவில்லை.

விழா எளிமையானது. கல்தூக்கி கல்லை நிமிர்த்திப் பிடித்திருக்கும். பூமியிலிருந்து ஒளியுரு வந்து பக்கத்தில் நிற்கும். தன் பெயரைப் படிக்கும். உரையாற்றும். கையை அசைக்கும். கல் இறங்கும். ஒளியுரு மறைந்தபின், முத்துப்பேச்சி கல்லைப் புரட்டிப் பெயர் உள்ள பக்கம் கீழே போகும்படி படுக்க வைப்பாள்.

"பேரு மேல சக்கரம் ஏறுனா அவாளுக்கு மரியாத இல்ல," என்பாள். "எழுத்துக்குள்ள தூசி அடஞ்சா சக்கரத்துக்கும் நல்லதில்ல."

பெயர் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

ஒரு தலைவரை மட்டும் இருவரும் மறக்கவில்லை. பெயர் வரகுணராமன். ஏதோ ஒரு வாரியத்தின் முன்னாள் துணைத் தலைவர். வெள்ளை வேட்டி ஒளியுருவில் சற்று நீலமாகத் தெரிந்தது.

"இந்தச் சாலை இன்னும் ஐந்தே ஆண்டில் உங்கள் கண்முன் வரும்!" என்று கையை உயர்த்தினார். அப்போது அவருக்குப் பின்னால் பதினோரு கிலோமீட்டர் சாலை கிடந்தது. பனி ஏற்றிய வண்டி ஒன்று அதில் பறந்து போனது.

பேச்சு நின்றது. "பின்னால் நீளமாக என்னமோ தெரிகிறதே?"

முத்துப்பேச்சி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். "பழைய அடிக்கல்லுங்க ஐயா. முன்னால வந்தவங்க போட்டது."

அவர் மூன்று நொடி பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பார்த்தீர்களா! இத்தனை பேர் வந்து கல் போட்டிருக்கிறார்கள். சாலை வந்ததா? நான்தான் கொண்டுவரப் போகிறேன்."

"வரணும் ஐயா. ஒங்களத்தான் நம்பி இருக்கோம்," என்றாள் முத்துப்பேச்சி. ஒளியுரு மறைந்ததும் கல்லின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். தலைக்கவசத்துக்குள் கண்ணீரைத் துடைக்க வழியில்லாமல் திணறினாள். செலின் போனபின் அமலதாஸ் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் அவனுக்கே வியப்பாக இருந்தது.

விழாவுக்கு ஒரு பொன்னாடை கட்டாயம். ஒளியுருவுக்குப் போர்த்த முடியாது. பொன்னாடைகள் குவிந்தன. நிழலூரில் அந்த ஆண்டு எல்லா வீட்டிலும் சரிகைக் கரை போட்ட திரைச்சீலை, சரிகைக் கரை போட்ட படுக்கை விரிப்பு. பந்தல் துணியைச் சாலையின் இரு ஓரமும் விரித்து மேலே சரளை கொட்டினார்கள். பக்கத்துத் தூசி கல்லுக்கு வராமல் நின்றது. விழாத் தலைப்பில் வந்த எதுவும் வீணாகவில்லை. பகிர்வான் மாதந்தோறும் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

சாலை நெருங்க நெருங்க மினா அடிக்கடி வந்தாள். மூன்றாம் மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஆறாம் மாதம் வாரம் ஒருமுறை. ஒன்பதாம் மாதம் கடைசிக் கல் நிழலூர் வாசலுக்கு எதிரே இறங்கியது. மறுநாள் பள்ளி விட்டதும் பதினேழு குழந்தைகளோடு ஒரு வண்டி கிளம்பி, முப்பத்து நான்கு நிமிடத்தில் வந்து நின்றது. யாரும் வாந்தி எடுக்கவில்லை. திறப்பு விழா என்று ஒன்று நடக்கவில்லை. ஏடுகளில் சாலையே இல்லாதபோது எதைத் திறப்பது?

அன்று இரவு மினா தன் கட்டிலில் தூங்கினாள். அவன் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தான். மூன்றாவது முறை அவளே, "அப்பா, விளக்க அணைங்க," என்றாள்.

ஒரு வருடத்துக்கும் மேல் நல்லபடியாகப் போனது. அதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் அவளுக்குச் சடை பின்னக் கற்றுக்கொண்டான். கோணலாக வந்தது, அவள் கண்டுகொள்ளவில்லை. மாலையில் அவள் கணக்கு வீட்டுப்பாடத்தோடு சண்டை போட்டாள். அவன் பனிநீரில் பயறு வேகவைத்தான். ஊரில் இரண்டு கல்யாணம் நடந்தது. இரண்டிலும் மணமகன் வெயில்மேட்டுக்காரன். முன்பெல்லாம் எட்டு மணி நேரம் தவழ்ந்து வந்து பெண் பார்க்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

நடுவில் ஓர் ஒதுக்கீடு வந்தது, பழையபடி விழாவுக்கே. அதற்கடுத்த ஒதுக்கீடு வேறு மாதிரி வந்தது.

அமலதாஸ் அதை மூன்று முறை படித்தான். பிறகு முத்துப்பேச்சியைக் கூப்பிட்டான்.

சாலை அமைக்கும் தலைப்பில் முழு நிதி வந்திருந்தது. கேட்டதற்கும் மேலே. காரணமும் எழுதியிருந்தது: "நிழலூருக்கும் வெயில்மேட்டுக்கும் இடையே ஒரு நாளைக்கு இருநூற்று முப்பது வண்டிகள் ஓடுவதாக உணரிகள் காட்டுகின்றன. சாலையே இல்லாத இடத்தில் இவ்வளவு போக்குவரத்து நடப்பது மக்களின் பெருந்துயரைக் காட்டுகிறது. ஆகவே சாலை உடனடித் தேவை."

"நல்லதுதான?" என்றாள் அவள்.

"கீழ படிங்க."

முதற்கட்டப் பணி: திட்டக் கோட்டில் இடையூறாகக் கிடக்கும் அடிக்கற்கள் அனைத்தையும் பெயர்த்து அகற்றுதல். பதினான்கு மாதம். அதுவரை அந்த வழியில் போக்குவரத்து தடை செய்யப்படும். பின்னர் சாலை அமைத்தல். ஆறு ஆண்டு. பழைய கோப்புகளின்படி பார்த்தால் பத்தொன்பது ஆண்டு வரை ஆகலாம் என்று பகிர்வான் ஒளிக்காமல் சேர்த்திருந்தது.

முத்துப்பேச்சி மெதுவாக உட்கார்ந்தாள். "போட்ட ரோட்டத் தோண்டிட்டு ரோடு போடவா?"

"ஆமா."

"உள்ளதச் சொல்லிரேன். ரோடு இருக்கு, வந்து பாருங்கன்னு."

"சொன்னா விழாப் பணத்துல ரோடு போட்டதா ஆகும். தலைப்பு மாத்துன குத்தம். அப்பமும் கல்லப் பேத்துருவாங்க."

"பதினேழு புள்ளைகளும் திரும்ப விடுதிக்கா?"

அவன் மனக்கணக்குப் போட்டான். ஆறு ஆண்டும் பதினான்கு மாதமும் என்றால் மினாவுக்குப் பதினேழு வயதாகியிருக்கும். அதன்பிறகு சாலை எதற்கு?

கடிதத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. 'அடிக்கல் நாட்டும் பணி நிறைவடைந்தது என உறுதிசெய்து கையொப்பமிடவும். நிறைவடைந்தபின்னரே அடுத்த பணி தொடங்கும்.' கையொப்பமிடக் கையை நீட்டியவன் அந்த வரியிலேயே நின்றான். மறுபடி படித்தான்.

"அக்கா, கல்தூக்கி ஓடுமா இப்பம்?"

"ஓடும். ஏன்?"

"ஒரு கல்லு எடுக்கணும்."

நிழலூர் வாசலுக்கு எதிரே இருந்த கடைசிக் கல்லை இருவரும் பெயர்த்தார்கள். கீழே பெயர் புதிதுபோல் இருந்தது. அந்த வருங்காலத் தலைவரின் பெயர். கல்லைச் சுவரோரம் சாய்த்து, சரிகைக் கரைத் துணியால் மூடினார்கள். சாலையில் மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஒரு பள்ளம் விழுந்தது. பத்து சென்டிமீட்டர் ஆழம்.

அமலதாஸ் மேசைக்குத் திரும்பிப் பதில் எழுதினான். "அடிக்கல் நாட்டும் பணி இன்னும் நிறைவடையவில்லை. ஒரு கல் பாக்கி இருக்கிறது."

மூன்று நொடி. "எப்போது நிறைவடையும்?"

அவன் யோசித்தான். பொய் எழுத அவனுக்கு வராது. உண்மையை எழுதவும் முடியாது. இதற்கு முன்னால் இந்த நாற்காலி போன்ற நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன எழுதியிருப்பார்கள்? விரல் தானாகவே எழுதியது.

"விரைவில்."

இம்முறை ஆறு நொடி ஆனது. முத்துப்பேச்சி அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நன்றி," என்றது பகிர்வான். "முந்நூறு ஆண்டுக் கோப்புகளையும் தேடிப் பார்த்தேன். இந்தப் பதிலுக்குப் பிறகு யாரும் எங்கும் மறுகேள்வி கேட்டதாகப் பதிவு இல்லை. ஆகவே இது நிறைவான பதில் என்று கொள்கிறேன். கோப்பை நிலுவையில் வைக்கிறேன். விழாவுக்கான நிதி அடுத்த ஆண்டும் தொடரும்."

முத்துப்பேச்சி நாற்காலியை விட்டாள். "நல்ல புள்ள," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். "நல்லாப் படிச்ச புள்ள."

அந்த வாரத்துக்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. வாசல்கிட்டே ரோட்டில் பள்ளம். வண்டி தூக்கிப் போடுகிறது; நிலவின் ஈர்ப்பில் தூக்கிப் போட்டால் இறங்க நேரமாகும். பனிக்காரர்கள் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். திட்ட அலுவலர் தூங்குகிறாரா என்று அதில் ஒரு வரி இருந்தது. அமலதாஸ் மனுவை வாங்கிக்கொண்டான். நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதிக் கொடுத்தான். ஒரு கிழவர் அதைப் படித்துவிட்டு, "நீரும் இப்படி ஆயிட்டீரா?" என்று வருத்தமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

மாலை ஐந்தரைக்குப் பள்ளி வண்டி வந்தது. பள்ளத்தில் இறங்கி, எழும்பி, ஒரு நொடி அந்தரத்தில் நின்று இறங்கியது. உள்ளே பதினேழு குரல்கள் ஒன்றாகக் கத்தின.

சாப்பிட உட்கார்ந்தபோது மினா கேட்டாள்.

"அப்பா, அந்தப் பள்ளத்த எப்பம் மூடுவீங்க? எல்லாரும் ஒங்களத்தான் ஏசுதாங்க."

"சீக்கிரம்," என்றான்.

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "சீக்கிரம்னா என்னைக்கு?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். கோப்பில் இல்லாத கேள்வி.

"நீ படிச்சு முடிச்ச மறுநாள்."

மினா விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை. "அதுக்கு இன்னும் எட்டு வருசம் கெடக்கே?"

"ஆமா," என்று அவன் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பயறு வைத்தான். "சாப்பிடு."